ஒன்பதாம் எண் வீட்டில் யாருமில்லை

“பெயர்: முத்தையா. திருமணமாகாதவர். இவ்வீட்டில் குடியிருப்பவர் அல்லர், விருந்தினர்.”

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், குவைத்தின் ஃபர்வானியாவில், ஒரு கட்டட நிர்வாகக் கம்பெனி சோலையப்பனைப் பற்றித் திரட்டி வைத்திருந்த தகவல் மொத்தமும் இவ்வளவுதான். மூன்று தகவல். மூன்றும் தப்பு.

முத்தையா என்பது அவருடைய அப்பா. பாஸ்போர்ட்டில் கடைசியாக வரும் பெயர்தான் ஆளின் பெயர் என்று வளைகுடா முழுக்க முடிவு செய்துவிட்டதால், சிவகங்கைச் சீமையைத் தாண்டாமலே செத்துப்போன முத்தையா, குவைத்தில் பதினெட்டு வருஷமாக ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். திருமணமாகாதவர் என்ற செய்தியை சரோஜாவுக்கும் மூன்று பெண் பிள்ளைகளுக்கும் யாரும் தெரிவிக்கவில்லை. குடும்ப விசா இல்லாமல் இங்கே இருப்பவன் எல்லோரும் பேச்சிலர். பேரன் எடுத்தவனும் பேச்சிலர்தான். இதில் யாருக்கும் வருத்தமில்லை, சிலருக்குச் சந்தோஷம்கூட.

மூன்றாவது தப்புதான் விவகாரமானது. ஒன்பதாம் எண் வீட்டில் சோலையப்பன் பன்னிரண்டு வருஷமாகக் குடியிருந்தார். வாடகை ஒப்பந்தமே அவர் பெயரில்தான், அதாவது அவர் அப்பா பெயரில்தான், இருந்தது. ஆனால் அவர் விருந்தினர் என்று கம்பெனி தானாகக் கற்பனை செய்யவில்லை. சொன்னவர் சோலையப்பனேதான்.

நாலு பேருக்கென்று கொடுத்த வீட்டில் பதினாலு பேர் இருந்தார்கள். ஃபர்வானியாவில் இது அதிசயமில்லை. சோதனை என்று யாராவது வந்தால் நாலு பேர் ‘குடியிருக்கிறோம்’ என்பார்கள், மீதிப் பேர் ‘கெஸ்ட்’ என்பார்கள். அந்த நாலு பேர் யார் என்பதில் சண்டை வரக்கூடாது என்பதற்காக வாரம் ஒரு முறை ஆள் மாற்றிக்கொள்வார்கள். மாற்றுகிற நாள் வெள்ளிக்கிழமை. கழுத்தில் டை, கையில் அட்டையோடு கம்பெனி ஆள் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. அவரை எல்லோரும் நகராட்சி என்று நினைத்துவிட்டார்கள். போன வாரத்து நாலு பேரும் தங்கள் முறை முடிந்தது என்று இருந்தார்கள். இந்த வாரத்து நாலு பேர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதானே நம் முறை என்று இருந்தார்கள். சோலையப்பன் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். பதின்மூன்று பேர் வரிசையாக ‘கெஸ்ட்’ என்று சொன்னது காதில் விழுந்தது. ஊரே ஒன்று சொல்லும்போது தான் மட்டும் வேறு சொன்னால் பொய் சொன்னது தான் என்றாகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது.

“ஆர் யூ லிவிங் ஹியர்?” என்றார் டை கட்டியவர்.

“நோ சார். கெஸ்ட்” என்றார் சோலையப்பன், மீன் செதிலை முகத்திலிருந்து துடைத்துக்கொண்டே.

கம்பெனி கணக்கெழுதியது: குடியிருப்போர், எவருமில்லை. விருந்தினர், பதினாலு பேர்.

பத்து நாளில் கதவில் அரபியிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாள் ஒட்டப்பட்டது. ஒட்டியவர் கட்டடக் காவலரான எகிப்துக்காரர் அபு சமீர். ஒன்பதாம் எண் வீடு காலியாக இருப்பதால் ஜூலைக் கடைசியில் மின்சாரம் துண்டிக்கப்படும், அதற்குப் பின் பூட்டு மாற்றப்படும் என்றது தாள். வாடகை எங்கும் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. கட்டடச் சொந்தக்காரருக்குப் பழைய வாடகைக்காரர்கள் போனால் போதும். அவர்கள் தாங்களே ஆவியாகிவிட்டோம் என்று வாக்குமூலம் கொடுத்தது எதிர்பாராத நல்லது. ஆள் குடியிருக்கும் வீட்டைக் கோர்ட்டுக்குப் போகாமல் காலி செய்ய முடியாது. காலி வீட்டுக்குக் கோர்ட் எதற்கு? பூட்டுக்காரன் போதும்.

அன்றைக்குச் சாப்பாட்டுக்குத் தரையில் விரித்த தாளைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரரான தேவசுந்தரம்தான் முதலில் ஆரம்பித்தார். அவர் ஏசி மெக்கானிக்.

“அண்ணே, நாம என்ன இங்க கோட்டையா கெட்டி வச்சிருக்கோம்? ஜிலீப்ல எனக்க கூட்டுக்காரன் ரூம்ல எடம் கெடக்கு. மூட்டையக் கெட்டிட்டுப் போவோம்.”

“போ. நான் போகல” என்றார் சோலையப்பன்.

“ஆகஸ்ட்ல கரண்டு இல்லாம இருப்பியளா? வெந்துல்லா போவிய!”

“வெந்தா எறக்கி வச்சுக்கங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். சோலையப்பன் சிரிக்கவில்லை. அப்போதுதான் மற்றவர்களுக்கு அவர் வேடிக்கை பேசவில்லை என்று புரிந்தது.

தொண்ணூறாம் வருஷம் ஈராக் படை உள்ளே வந்தபோது, சோலையப்பன் இதே ஃபர்வானியாவில் இரண்டு தெரு தள்ளி ஒரு அறையில் இருந்தார். அறைக்காரர்கள் கிளம்பினார்கள், தெருக்காரர்கள் கிளம்பினார்கள், அவரும் கிளம்பினார். பாஸ்ரா, பாக்தாத், பிறகு ஜோர்டான் எல்லையில் பாலைவனக் கூடாரம், பிறகு பம்பாய்க்கு விமானம். தொண்ணூற்றிரண்டில் திரும்பி வந்து பழைய அறைக் கதவைத் தட்டினார். வேறு ஆட்கள் இருந்தார்கள். நல்ல மனிதர்கள். யாரோ என்னவோ என்று கேட்காமல் உள்ளே கூப்பிட்டு, அவருடைய பாயிலேயே அவரை உட்கார வைத்து, அவருடைய டம்ளரிலேயே டீ கொடுத்தார்கள். “குடிச்சுட்டு, நன்றின்னு சொல்லிட்டு வந்தேன்” என்பார் சோலையப்பன். அடித்து விரட்டியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு ஆறாமல் இருந்திருக்காது என்று தோன்றும்.

சரோஜா போனில் கேட்டார். “எல்லாரும் போறப்ப ஒங்களுக்கு மட்டும் என்னத்துக்கு இந்த வீம்பு?”

“தொண்ணூறுல எல்லாரும் போறாகன்னுதான் நானும் போனேன்.”

“அது சண்டை. இது வாடகை வீடு.”

“ரெண்டும் வீடுதான்” என்று அவர் போனை வைத்தார். சரோஜா சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் சோலையப்பனுக்கு என்றைக்குமே இடைஞ்சலாக இருந்ததில்லை.

இந்தக் கதைக்குள் பைராம் வந்தாக வேண்டும். பைராம் கொசோவோவைச் சேர்ந்த அல்பேனியர். அமெரிக்கப் படைக்குச் சாமான் ஏற்றும் ஒப்பந்தக் கம்பெனியில் லாரி ஓட்டினார். மொட்டை மாடியில் தகரம் போட்ட ஓர் அறையில் இருந்தார். கதவு நிலைக்குக் குனிந்துதான் வருவார். ஒன்பதாம் எண்ணுக்கு கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கி மாடி ஏற்றித் தருவது அவர். அதற்குப் பதிலாக ராத்திரிச் சாப்பாடு. மிளகு ரசத்தை அவர் கிண்ணத்தில் ஊற்றி சூப்பு மாதிரி குடிப்பதை மற்றவர்கள் முதல் மாதம் வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் அவர்களும் அப்படியே குடிக்க ஆரம்பித்தார்கள்.

பைராமிடம் இருந்தது பாஸ்போர்ட் அல்ல, ஐக்கிய நாடுகள் சபை கொடுத்த ஒரு பயணத்தாள். அவருக்கு எந்த நாடு என்று அதில் இல்லை, ஏனென்றால் உலகம் அப்போது அதை முடிவு செய்திருக்கவில்லை. கொசோவோ சுதந்திரம் அறிவிக்க இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. ஆனால் அந்தக் கட்டடத்திலேயே தான் யார் என்பதில் சந்தேகமில்லாத ஒரே மனிதர் அவர்தான். தன் முன்னோரில் பதினாலு தலைமுறை ஆண்களின் பெயரை மூச்சுவிடாமல் சொல்வார். ஒரு நாள் தேவசுந்தரம் நம்பாமல், கீழேயிருந்து மேலே சொல்லச் சொன்னார். பைராம் சொன்னார். நடுவிலிருந்து சொல்லச் சொன்னார். அதையும் சொன்னார்.

“இது மனுசனா, ரேஷன் கார்டா?” என்றார் தேவசுந்தரம்.

கதவில் தாள் ஒட்டிய அன்று பைராமும் சாப்பிட வந்திருந்தார். ஹைதராபாத் டிரைவர்களிடம் கற்ற இந்தியிலும் கேம்ப் ஆங்கிலத்திலும்தான் அவர் பேசுவார். அங்கே இருந்தவர்களுக்கு அது போதும், நமக்குத் தமிழே போதும். விஷயத்தைக் கேட்டதும் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“பதினாலு விருந்தாளி, வீட்டுக்காரன் இல்லையா? எங்கள் மலையில் இதை எழுதியவனை மருத்துவரிடம் அனுப்புவார்கள். விருந்தாளி இருந்தால் வீட்டுக்காரன் இருந்தே ஆக வேண்டும். விருந்தாளி மேல் கை வைத்தால் வீட்டுக்காரனுக்குத்தான் அவமானம். எல்லை வரைக்கும் அவனைக் கூட்டிப்போய் விடுகிறவரை அவன் உயிருக்கு வீட்டுக்காரன் பொறுப்பு.”

“ஒங்க மலையில ஹாரிஸ் இல்ல, பாய்” என்றார் சோலையப்பன். ஹாரிஸ் என்றால் காவலர். “இங்க அபு சமீரு பியூஸைப் பிடுங்கிட்டுப் போயிருவான்.”

“எங்களுக்கு ஒரு பாஷா இருந்தார்” என்றார் பைராம்.

அவர் சொன்னதன் சுருக்கம் இது. வடக்கு அல்பேனிய மலைகளில் கெல்மெண்டி என்று ஒரு குலம். இடைக்காலத்திலிருந்தே அங்கே இருந்தவர்கள். ஆடு மேய்ப்பார்கள், வரி கட்டமாட்டார்கள், தங்கள் கணவாய் வழியாகப் போகிறவர்களிடம் மட்டும் வரி மாதிரி ஒன்றை வசூலிப்பார்கள். ஆட்களைத் தலையால் எண்ணுவதில்லை, புகையால் எண்ணுவார்கள்: ஓர் அடுப்பு, ஒரு புகை, ஒரு குடும்பம். துருக்கிய சுல்தானின் ஆட்கள் பல தடவை படை அனுப்பினார்கள். சண்டையில் அந்த மலையை முழுசாக அடக்க முடியவில்லை. ஆயிரத்து எழுநூறு வாக்கில், சுல்தானுக்காகப் பக்கத்து ஊரை ஆண்ட பாஷா ஒருவருக்கு நல்ல யோசனை வந்தது. கணவாய்களை அடைத்தார். தானியம் உள்ளே போகவில்லை. பட்டினி முற்றியதும் குலத்தைப் பெயர்த்துக் கொண்டுபோய், பெஷ்டர் என்ற குளிர்ந்த மேட்டுநிலத்தில் குடிவைத்தார். பாஷாவின் கணக்கில் கெல்மெண்டி மலை காலி.

“அப்புறம்?” என்றார் தேவசுந்தரம்.

“பத்துப் பதினொரு வருஷத்துக்குள் பெரும்பாலானவர்கள் சண்டை போட்டு வழியைத் திறந்துகொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்கள்.”

“நீங்களும் அங்கதானா?”

பைராமின் முகம் கொஞ்சம் சுருங்கியது. “இல்லை. எங்கள் கிளை பாதி வழியில் ருகோவாப் பள்ளத்தாக்கில் நின்றுவிட்டது. எட்டாவது தாத்தாவுக்குக் கால் வலி.”

கால்வலி சரித்திரத்தில் இல்லை. பைராமின் வீட்டில் இருக்கிறது. திரும்பிப் போனவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்களாக இருக்கிறார்கள், நின்றவர்கள் முஸ்லிம்கள் ஆனார்கள், ஆனாலும் ஒரே குலம் என்றார் அவர். கத்தோலிக்கரான தேவசுந்தரத்துக்கு இது பிடித்துப்போயிற்று. “அப்பம் எங்க ஆளுவளும் உண்டும்னு சொல்லும்!”

சோலையப்பன் மட்டும் அந்தக் கதையில் வேறு இடத்தில் நின்றுகொண்டிருந்தார். திரும்பி வந்த வீரம் அவருக்கு ருசிக்கவில்லை. திரும்பி வருவது எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

“பாய், அவுக போகாமலே இருந்திருக்கலாம்ல?”

“பட்டினி, அண்ணா.”

“சோறு இருந்திருந்தா?”

பைராம் யோசித்தார். முந்நூறு வருஷமாக அவர் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி போலிருக்கிறது. “சோறு இருந்திருந்தால்,” என்றார், “பாஷா இன்னும் அடிவாரத்தில்தான் நின்றுகொண்டிருப்பார்.”

“அவ்வளவுதான விசயம்” என்று சோலையப்பன் எழுந்து கை கழுவப் போனார்.

மறுநாள் இரண்டு மூட்டை அரிசி வாங்கினார். பைராம் சிலிண்டர் நாலைத் தூக்கி வந்து அடுக்கினார். ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. பகலில் சோலையப்பன் கடைக்குப் போனால் வீட்டில் ஆளிருக்காது. அந்த நேரம் பார்த்துப் பூட்டுக்காரன் வந்தால் கதை முடிந்தது. மற்றவர்களில் யாரை நம்பி விடுவது? அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். சோலையப்பனுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு மாதம் லீவு. அந்த வருஷ லீவு ஆகஸ்டில் ஆரம்பித்தது. மூத்த பெண் பிளஸ் டூ முடித்திருந்தாள். கல்லூரியில் சேர்க்க அப்பா வருவார் என்று இருந்தது. சோலையப்பன் டிக்கெட் எடுக்கவில்லை. சரோஜா இரண்டு வாரம் போனை எடுக்கவில்லை. பெண்ணைச் சரோஜாவே கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டு, அதை மகள் வாயால் சொல்லவைத்தார். அந்தத் தண்டனையை அவர் முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டார்.

ஜூலை முடிந்ததும் அபு சமீர் வந்து பியூஸைப் பிடுங்கிக்கொண்டு போனார். போகும்போது, “மஃலேஷ், முத்தையா” என்றார், மன்னித்துக்கொள் என்று. ஆள் போய் ஐந்து நிமிஷத்தில் கரண்டைக் கொண்டுவந்துவிடலாம் என்றார் தேவசுந்தரம். ஒரு துண்டுக் கம்பி போதும்.

“தொடாத. திருட்டுக் கரண்டுன்னு அதுல பிடிச்சுருவான். இதுவரைக்கும் தப்பு அவன் பக்கம்தான். அது அங்கயே இருக்கட்டும்.”

“ஊருக்கே ஏசி மாட்டுறவன் நான். எனக்க அண்ணன் வேத்துச் சாவணும், நான் பாத்துட்டு நிக்கணும், என்னா?”

“ஆமா. நில்லு.”

பதின்மூன்று பேரும் அங்கே இங்கே படுக்கப் போனார்கள். சோலையப்பன் சன்னல்களைத் திறந்துவைத்தார். உள்ளே வந்தது காற்று அல்ல, அடுப்பு வாய். ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு தரையில் கிடந்தார். துண்டு காய்ந்ததும் எழுந்து நனைத்தார். மொட்டை மாடியில் வந்து படுக்கச் சொல்லி பைராம் எவ்வளவோ கூப்பிட்டார். வாசலைத் தாண்டினால் காலி வீடு என்று அவர் மறுத்துவிட்டார். காய்கறியும் மீனும் தேவசுந்தரம் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு வேளையும் அடுப்பு எரிந்தது. முதல் வாரம் தேவசுந்தரமும் பைராமும் மட்டும் சாப்பிட்டார்கள். ஜிலீப்புக்குப் போனவர்களுக்கு அங்கத்து மெஸ்ஸில் நாலு நாள் பருப்பு ஒரே பருப்பு என்று தெரியவந்தது. ஒவ்வொருவராகத் திரும்பி வந்து சாப்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஏசி உள்ள இடத்துக்குப் படுக்கப் போனார்கள். ஒரு போராட்டத்துக்கு ஆதரவு எவ்வளவு தேவையோ அவ்வளவு கொடுத்தார்கள்.

ஆகஸ்டு நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் டை கட்டியவர் பூட்டுக்காரனோடு வந்தார். அவர் பெயர் கலீலுர் ரஹ்மான். அவர் கதவைத் தட்டிய நேரம், சோலையப்பன் குழம்புக்கு மிளகாய் வற்றல் தாளித்த நேரம். மின்விசிறி இல்லாத வீடு. புகை கதவிடுக்கு வழியே படிக்கட்டுக்கு வந்தது.

“ஓபன் தி டோர்! திஸ் ஃபிளாட் இஸ்…” என்று ஆரம்பித்தவர் இருமினார். மறுபடி ஆரம்பித்து மறுபடி இருமினார். “யோவ், கதவத் தொறய்யா! மூச்சு முட்டுது, அல்லாவே!”

கதவு திறந்தது. “நீங்க கீழக்கரையா?” என்றார் சோலையப்பன்.

கலீலுர் ரஹ்மான் கண்ணீரைத் துடைத்தார். “அது எதுக்கு இப்ப? வீடு காலின்னு ரெக்கார்டுல இருக்கு. பூட்டு மாத்த வந்திருக்கேன்.”

“காலி வீட்டுலயா கொழம்பு கொதிக்குது?”

உள்ளே சாப்பாட்டுத் தாளைச் சுற்றி ஒன்பது பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கலீலுர் ரஹ்மான் அட்டையை எடுத்தார். ஒருவன் பயந்துபோய், “சார், நான் இங்கதான் இருக்கேன்” என்று எழுந்தான். இன்னொருவனும் எழுந்தான். வெட்கம் போலிருக்கிறது, அல்லது குழம்பின் வாசனை.

“உக்காருங்கடா” என்றார் சோலையப்பன். “நாலு பேரு வீட்டுல பத்துப் பேரு குடியிருந்தா அதுக்கு வேற தண்டம் கட்டணும். சார், எழுதிக்கங்க. இங்க குடியிருக்கறவன் நான் ஒருத்தன். இவங்க எல்லாம் என் விருந்தாளி.”

“போன தடவ நீங்களும் கெஸ்ட்டுன்னு சொன்னீங்களே?”

“சொன்னேன். பொய் சொன்னேன். இப்ப எழுதுங்க.”

“இந்தா பாருங்கண்ணே, எனக்கும் வேலை போயிரும். ஒங்களுக்கு விசா குடுத்த கஃபீலுக்குப் போன் போட்டா என்னாகும்னு தெரியும்ல? விசாவ கேன்சல் பண்ணி ஏத்திவிட்ருவாரு.”

“நம்பர் இருக்கா, தரவா?”

கலீலுர் ரஹ்மான் பூட்டுக்காரனைப் பார்த்தார். பெஷாவர்க்காரனான அந்த ஆள் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆள் உள்ளே இருக்கும் வீட்டுக்குப் பூட்டு மாற்றினால் போலீஸ் பிடிப்பது தன்னைத்தான் என்று அவனுக்குத் தெரியும். “மாஃபி ஷுகல்” என்று சொல்லிவிட்டு, வேலையில்லை என்ற அர்த்தத்தில், கருவிப் பையை மூடி செருப்பைக் கழற்றினான்.

“நீங்களும் உக்காருங்க, சார்” என்றார் சோலையப்பன். “சாப்புட்டு எழுதலாம். சோறு போடுறவன் வீட்டுக்காரனா இல்லையான்னு சாப்புட்டுட்டுச் சொல்லுங்க.”

பைராம் நகர்ந்து இடம் விட்டார். கலீலுர் ரஹ்மான் டையைத் தோளுக்குப் பின்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பிட்டார். இரண்டாம் தடவை சோறு கேட்டார். கை கழுவியபின், ‘எவருமில்லை’ என்பதை அடித்துவிட்டு ‘ஒருவர்’ என்று எழுதினார். பெயர் கேட்டார்.

“சோலையப்பன்.”

“முத்தையான்னு இருக்கே?”

“அவரு எங்கப்பா. அவரையும் வேணும்னா எழுதிக்கங்க.”

இதற்குப் பிறகு நடந்ததில் வீரம் குறைவு. சொந்தக்காரர் கஃபீலுக்குப் போன் போடத்தான் செய்தார். கஃபீல் ஒரு கிழவர். மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்த கோபத்தில், “அவன் வீடு, அவன் இருக்கான், கலாஸ்” என்று பேச்சை முடித்துப் போனை வைத்துவிட்டார். கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. செப்டம்பர் பாதியில் பியூஸ் திரும்பி வந்தது. வழக்கு இழுத்து, சமரசமாகி, வாடகை ஏறியது, ஒப்பந்தம் புதுசாயிற்று. பதின்மூன்று பேரில் ஐந்து பேர் ஜிலீப்பிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களைப் பற்றி சோலையப்பன் தப்பாக ஒன்றும் சொன்னதில்லை. பாதி வழியில் நிற்கிறவர்களுக்கும் ஒரு வம்சம் உண்டு என்று பைராம்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷத்து லீவில் சோலையப்பன் ஊருக்குப் போகவில்லை. மின்சாரம் இல்லாத ஒன்பதாம் எண் வீட்டில், கோடை முடியும் வரை வாசலைத் தாண்டாமல் இருந்து, இரண்டு வேளையும் சமைத்து, வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டார்.